அலிஸ் ஹமில்டன் அம்மையாரின் பயிற்சிக் காலம்

வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளிவரும் ஒருவர் உடனே தனித்து நின்று வைத்தியஞ் செய்யத் தொடங்குவதில்லை. வைத்தியசாலை ஒன்றிற் சில காலம் தங்கி, மூத்தோர் மேற்பார்வையில், நோயாளரிடையே இருந்து தொழிலைப் பழகுகின்றார். இதனை உள்ளகப் பயிற்சி என்பர். ஆனால், ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து பழகிய ஒருவர் பொதுச் சுகாதாரப் பணிக்குச் செல்ல விரும்பின், அவர் பெறவேண்டிய பயிற்சி யாது? அதனை அளிப்போர் யாவர்? இன்று பல நாடுகளில் இதற்கென ஒழுங்கான ஏற்பாடுகள் உள. ஐக்கிய அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவை, வைத்தியரையும் விஞ்ஞானிகளையும் இரண்டாண்டுக் காலம் நோய் பரவும் இடங்களுக்கே அனுப்பிப் பழக்குகின்றது. அத்தகைய ஏற்பாடு யாதும் இல்லாத காலத்திலே, அதே நாட்டில், ஒரு பெண்மணி அப்பயிற்சியைத் தாமே தேடிப் பெற்றார். அது 1897 முதல் 1910 வரை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. அப்பயிற்சியின் பெரும்பகுதி தவறு செய்து, அத்தவற்றை உணர்ந்ததிலேயே கழிந்தது என்பதே அவர் வரலாற்றில் ஊன்றி நோக்கத் தக்கது.

அலிஸ் ஹமில்டன் அம்மையார் 1869ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் பிறந்து, இந்தியானா மாநிலத்திலுள்ள போர்ட் வேன் என்னும் ஊரில் வளர்ந்தவர். கிரேக்க நாகரிகம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எடித் ஹமில்டன் இவருடைய தமக்கையாவார். அலிஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று 1893இற் பட்டம் பெற்றார். பின்னர் மினியாப்பொலிசிலும் பொஸ்ரன் நகரிலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அமைந்த வைத்தியசாலைகளில் உள்ளகப் பயிற்சி பெற்றார். பொஸ்ரனில் வறியோர் வாழும் பகுதிகளுக்கு நேரிற் சென்று வைத்தியஞ் செய்யும் கடமையும் பயிற்சி வைத்தியருக்கு இருந்தது. வசதியான குடும்பத்திற் பிறந்து, வீட்டிலேயே கல்வி தொடங்கிய அவருக்கு அது முன்னறியாத உலகம். எனினும் அக்காலத்தில் அவர் மனம் நோயாளர்பாற் செல்லவில்லை. நோயியலும் பற்றீரியாவியலுமே தம் வாழ்க்கைத் துறைகள் என அவர் முன்னரே துணிந்திருந்தார். ஆதலின் மீண்டும் மிச்சிகனுக்குச் சென்று ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தார்; 1895இல் தமக்கையாருடன் ஜேர்மனிக்குச் சென்று லைப்சிக், மியூனிச் ஆகிய இடங்களிற் கற்றார். பெண்களுக்கு அங்கே முழு உரிமையில்லை. ஆண் மாணாக்கரின் கண்ணிற் படாதவாறு ஒதுங்கியிருந்து விரிவுரை கேட்கவே இடமளிக்கப்பட்டது. தாயகம் மீண்டபின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியில் ஓராண்டு ஆய்வு. இவ்வளவும் முடிந்தபொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

1897இல் சிக்காகோவிலிருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரி அவரை நோயியற் பேராசிரியராக அழைத்தது. அவர் அப்பதவியை விரும்பி ஏற்றமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஜேன் அடம்ஸ் அம்மையாரும் எலன் கேற்ஸ் ஸ்ரார் அம்மையாரும் 1889இல் நிறுவிய ஹல் இல்லம் அந்நகரிலேயே இருந்தது. இத்தாலியர், கிரேக்கர், உருசிய நாட்டு யூதர் எனப் பல நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், கற்றோர் சிலர் குடியேறி அவர்களுக்கு அயலவராய் வாழ்ந்த இல்லம் அது. அங்குத் தங்குவோர் தம் உணவுக்கும் உறையுளுக்கும் தாமே பணஞ் செலுத்துவர். பகலில் தத்தம் தொழிலுக்குச் செல்வர். மாலையில் அயலவருக்கு வகுப்பு நடத்துதல், குழந்தைகளைப் பேணுதல் முதலியவற்றிற் கலந்துகொள்வர். அலிஸ் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவருக்குப் பயிற்சிக்கூடமாய் அமைந்தது அவ்வில்லமே. இலினோய் மாநிலத்தின் தொழிற்சாலைப் பரிசோதகராயிருந்த புளோறன்ஸ் கெலி அம்மையார் போன்றோரை அவர் அங்கேதான் கண்டு பழகினார்.

ஹல் இல்லத்திலே குழந்தைகளுக்கென அவர் ஒரு சிறு வைத்தியநிலையம் நடத்தினார். அங்குக் குழந்தைகளை நீராட்டுவதும் தாய்மாருக்குப் புத்தி சொல்வதும் அவர் வேலை. பல் முளைக்கும் வரை பாலன்றி வேறொன்றும் கொடுத்தலாகாது என்பது கல்லூரியில் அவர் கற்ற பாடம். அதனையே இத்தாலியத் தாய்மாருக்கும் அவர் வற்புறுத்தினார். தாய்மாரோ தமக்கு ஏற்றது எனத் தோன்றிய பல்வகை உணவையும் குழந்தைகளுக்கு ஊட்டிவந்தனர். பிற்காலத்தில், 1943இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அத்தாய்மாரின் வழக்கமே தாம் விதித்த உணவினும் மேலானது என அவர் ஒளியாது ஒப்புக்கொண்டார். கற்றவர் கல்லாதாரிடம் கற்ற முதற் பாடம் இதுவெனலாம்.

பகல் முழுதும் கல்லூரியில் இறந்தோர் உடலின் இழையங்களை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதும், மாலையில் உயிரோடு துன்புறும் மனிதரைப் பார்ப்பதுமாகிய இவ்விரட்டை வாழ்க்கை அவருக்கு நிறைவு தரவில்லை. தமது ஆய்வு உலக வாழ்விலிருந்து வெகு தூரம் விலகி நிற்பதாகவும், தாம் எத்துணை முயன்றாலும் பற்றீரியாவியலில் முதல் வரிசையில் நிற்க இயலாதெனவும் அவர் எண்ணினார். 1902இல் பெண்கள் கல்லூரி மூடப்பட்டது. தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அவர் பணியேற்றார். இந்நிலையில்தான் அவ்வாண்டின் நெருப்புக் காய்ச்சல் வந்தது.

விடுமுறை கழிந்து இலையுதிர் காலத்தில் அவர் நகருக்குத் திரும்பியபொழுது சிக்காகோவில் நெருப்புக் காய்ச்சல் பரவியிருந்தது. ஹல் இல்லம் அமைந்த பத்தொன்பதாம் வட்டாரத்திலே அதன் கொடுமை மிக அதிகம். நகரின் குடித்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கினரே அவ்வட்டாரத்தில் வாழ்ந்தனர். இறந்தோருள் அவ்வட்டாரத்தினரின் பங்கோ அதனினும் மிக அதிகம். நீர் நகரெங்கும் ஒரே ஏரியிலிருந்து வருவது. பாலும் பிற இடங்களிற் குடிப்பதே. அங்ஙனமாயின் இவ்வட்டாரத்தில் மாத்திரம் நோய் மிகுந்ததேன்? ஜேன் அடம்ஸ் அம்மையார் இவ்வினாவை அலிசிடம் விடுத்தார்.

அலிஸ் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். ஹல் இல்லத்து மகளிர் இருவர் துணையோடு வீடுகள் ஆராயப்பட்டன. பாதிக்கும் குறைவான வீடுகளிலேயே சட்டத்துக்கமைந்த மலகூட வசதி இருந்தது. கழிநீர்க் குழாயோடு தொடுக்கப்படாத திறந்த மலக்குழிகளும், அவற்றைச் சுற்றி இலையான் கூட்டமும் எங்கும் காணப்பட்டன. 1898இல் நடந்த ஸ்பானிய அமெரிக்கப் போரின்போது, படை முகாம்களில் நெருப்புக் காய்ச்சல் பரவியதற்கு இலையான்களும் காரணமெனக் கூறப்பட்டதை அவர் நினைவுகூர்ந்தார். உடனே அவருடைய ஆய்வுகூட மனம் விழித்துக்கொண்டது. மலக்குழிகளிலும் வீட்டு முற்றத்து வேலிகளிலும் சுவர்களிலும் நோயாளி கிடந்த அறையிலும் இலையான்களைப் பிடித்து, இறைச்சிச் சாறு கொண்ட பதினெட்டுச் சோதனைக் குழாய்களில் இட்டு, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று கிருமிகளை வளர்த்தார். ஐந்து குழாய்களில் நெருப்புக் காய்ச்சற் கிருமி வெளிப்பட்டது.

இம்முடிபு சிக்காகோ வைத்தியர் சங்கத்திலே படிக்கப்பட்டு, 1903இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையிலும் வெளிவந்தது. எளிதில் விளங்குவதும், கேட்டோர் மனத்திற் பதிவதுமான விளக்கம் அது. பத்திரிகைகள் பாராட்டின. நகரச் சுகாதாரப் பகுதியின் அசட்டையைப் பற்றிப் பகிரங்க விசாரணை நடந்தது, அப்பகுதி சீர்திருத்தப்பட்டது. அலிசின் பெயர் முதன்முறையாக நகரெங்கும் பரவியது.

பின்னரே உண்மை வெளியாயிற்று. அவ்வட்டாரத்து நீரேற்று நிலையத்தில் ஓர் உடைவு ஏற்பட்டு, கழிநீர் குடிநீர்க் குழாய்களிற் கலந்திருந்தது. மூன்று நாள் வரை அந்நீரையே மக்கள் குடித்தனர். இச்செய்தியைச் சுகாதாரப் பகுதியினர் வெளியிடாது மறைத்துவிட்டனர். இலையானைக் குற்றவாளியாக்கிய ஆய்வு, உண்மைக் குற்றவாளியைத் தேடும் வேலையைத் தேவையற்றதாக்கிவிட்டது என்றுங் கூறலாம். அலிஸ் தம் பிழையை மறைக்கவில்லை. ஆயினும் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இலையான் ஆய்வுக்காகவே தம்மைப் பாராட்டியோரைக் கண்டு அவர் நாணினார்.

இத்தவறு எங்கே நிகழ்ந்தது என்பதைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். ஆய்வுகூடத்தில் யாதொரு பிழையும் இல்லை. குழாய்கள் தூயன, கிருமி உண்மையாகவே நெருப்புக் காய்ச்சற் கிருமிதான். இலையான் அக்கிருமியைச் சுமந்து செல்ல வல்லது என்பதும் மெய்யே. ஆனால் 'சுமக்க வல்லதா?' என்பது ஒரு வினா. 'இவ்வூரில், இம்மாதத்தில், இம்மனிதருக்கு நோயைக் கொண்டுவந்தது அதுதானா?' என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்குச் சோதனைக் குழாய் விடை தரும். இரண்டாவதற்கு அது விடை தராது. எவர் நோயுற்றார், எந்நாளில் உற்றார், எக்குழாய் நீரைக் குடித்தார், அதே இலையான்கள் மொய்க்கும் பிற ஏழை வட்டாரங்களில் நோய் ஏன் இவ்வளவு இல்லை என்றெல்லாம் எண்ணிக் கணக்கிட்டே அதற்கு விடை காணல் வேண்டும். திறந்த மலக்குழிகள் பத்தொன்பதாம் வட்டாரத்துக்கு மாத்திரம் உரியன அல்ல. உடைந்த நீரேற்று நிலையமோ அவ்வட்டாரத்துக்கே உரியது. ஆய்வுகூடத்தில் வினா ஆய்வாளரால் அமைக்கப்படுவது. தெருவிலே வினா இன்னதென்பதே முதலில் தெரிவதில்லை. அதனைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. நன்கு பயின்ற ஆய்வாளர் இடர்ப்படுவதும் பெரும்பாலும் இங்கேதான். கையிலுள்ள கருவி எவ்வினாவுக்கு விடை தருமோ அவ்வினாவையே கேட்க மனம் இழுக்கும்.

ஆய்வுகூட அறிவு பயனற்றது என்பது இதன் பொருளன்று. அப்பகுதி இளைஞருக்குக் கொக்கேயின் என்னும் மயக்கப்பொருளை விற்ற மருந்துக்கடைக்காரர் மீது வழக்குத் தொடரப்பட்டபொழுது, தாம் விற்றது கொக்கேயின் அன்று, யூக்கேயின் என்னும் வேறு பொருள் என அவர்கள் வாதிட்டனர். சட்டத்தில் யூக்கேயினின் பெயர் இல்லை. கொக்கேயின் கண்மணியை விரியச்செய்யும், யூக்கேயின் செய்யாது. ஆதலின் அலிஸ் அப்பொடியைக் கரைத்து முயலின் கண்ணிலும், சில வேளை தம் கண்ணிலுமே இட்டுச் சோதித்தார். இங்கே வினா வெளியிலிருந்து வந்தது. ஆய்வுகூடம் அதற்கு விடை தந்தது. இம்முறையையே அவர் பின்னர்ப் பெருந்துறை ஒன்றிற் கையாளவேண்டியவரானார்.

அத்துறை தொழில்வழி நோய்கள் பற்றியது. பிரித்தானிய வைத்தியராகிய தோமஸ் ஒலிவர் ஆபத்தான தொழில்கள் பற்றி 1902இல் வெளியிட்ட நூலை அவர் படிக்க நேர்ந்தது. இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் ஈயம், பொசுபரசு முதலியவற்றால் தொழிலாளர் அடையும் நோய்கள் விரிவாக ஆராயப்பட்டிருந்தன. அமெரிக்காவைப் பற்றியோ ஏறக்குறைய ஒன்றுமே எழுதப்படவில்லை. தம் நாட்டுத் தொழிற்சாலைகள் சிறந்தவை, அந்நோய்கள் அங்கில்லை என்பதே அந்நாட்டு வைத்தியர் பலரின் எண்ணம். அலிசோ ஹல் இல்லத்தின் அயலவர் வாயிலாக வேறு கதைகளைக் கேட்டிருந்தார். இலினோய் மாநிலம் தொழில்வழி நோய்களை ஆராய ஒரு குழுவை அமைத்து, 1910இல் முழு ஆய்வொன்றைத் தொடங்கியபொழுது, அதனை நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஈயத்தை அவர் தம் பங்காக எடுத்துக்கொண்டார்.

ஈண்டு ஈயம் என்றது பாத்திரங்களுக்குப் பூசப்படும் வெள்ளீயத்தையன்று. இலங்கையில் அகழ்ந்தெடுக்கப்பட்டுப் பென்சில் முதலியவற்றுக்குப் பயன்படும் காரீயத்தையுமன்று. துப்பாக்கிக் குண்டும் குழாயும் வார்க்கப் பயன்பட்ட கனத்த உலோகமே இது. இதிலிருந்து செய்யப்படும் ஈயவெள்ளை என்னும் வெண்பொடி, வீட்டுக்குப் பூசும் நிறமைக்கு அக்காலத்தில் இன்றியமையாததாயிருந்தது. உடலிற் சேர்ந்த ஈயம் கடும் வயிற்று வலியையும், மணிக்கட்டுத் தளர்ந்து கை தொங்கிவிடும் வாதத்தையும், சிலருக்கு வலிப்பையும் பித்தையும் உண்டாக்கும்.

ஈயம் பயன்படும் தொழில்கள் எவை என்பதற்கே பட்டியல் இல்லை. நோயுற்றோர் யாவர் என்பதற்கும் ஏடுகள் உதவவில்லை; வைத்தியசாலைப் பதிவில் தொழில் என்னும் இடத்திற் 'கூலியாள்' என்பதன்றி வேறொன்றும் எழுதப்படுவது அரிது. ஆதலின் அலிசும் அவருடைய உதவியாளரும் வைத்தியரையும் மருந்துக்கடைக்காரரையும் குருமாரையும் உசாவி, பெயர் அறிந்து, வீடு வீடாகச் சென்றனர். தொழிற்சாலையிற் பேச அஞ்சிய தொழிலாளி தன் சமையலறையில் மனைவி மக்களிடையே மனந்திறந்து பேசினான். இவ்வாறு செல்வதற்கு ஹல் இல்லத்து வாழ்க்கை அவரை ஆயத்தஞ் செய்திருந்தது. அதே வேளையில், ஆய்வுகூடத்திற் கற்ற கண்டிப்பையும் அவர் கைவிடவில்லை. ஒருவன் தனக்கு ஈயநோய் என்று சொன்னமையால் மாத்திரம் அவனைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஐயமற்ற அறிகுறிகளோ வைத்தியரின் தெளிவான முடிபோ இருத்தல் வேண்டும்.

இம்முறையின் சிறப்பைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். நீராடும் இரும்புத் தொட்டிகளுக்கு வெண்ணிறப் பளிங்குப் பூச்சிடும் தொழிற்சாலை ஒன்றை அலிஸ் சென்று பார்த்தார். அங்கே ஈய ஆபத்து யாதும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. பின்னர், ஈயநோயால் வருந்திய போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவனை அவன் வீட்டிற் கண்டார். அவன் செய்த தொழில் அதுவே. அவர் பார்த்தது தொட்டிகளுக்கு இறுதியிற் செய்யும் சிறு திருத்த வேலை மாத்திரமே எனவும், உண்மைப் பூச்சு வேறிடத்தில் நடைபெறுவது எனவும் அவன் விளக்கினான். அவ்விடத்தில், செந்தணலாய்க் காய்ந்த தொட்டியின்மீது நுண்பொடி தூவப்படும். வெம்மை தாங்காது மூச்சு வாங்கும் தொழிலாளி அத்தூசியை முழுதும் உள்ளிழுப்பான். அப்பொடியிற் சிறிதளவைத் தொழிலாளர் மூலம் பெற்று ஆராய்ந்தபொழுது, இரைப்பையிற் கரையக்கூடிய ஈயம் அதில் நூற்றுக்கு இருபது பங்கு வரை இருந்தது. இலையான் ஆய்வோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. அங்கே சோதனைக் குழாய் முன்னும் மனிதன் பின்னுமாக நின்றனர். இங்கே மனிதனின் சொல் முன்னே சென்றது, சோதனை அதனைப் பின்தொடர்ந்தது.

ஆய்வின் முடிவில் ஈயம் பயன்படும் தொழின்முறைகள் எழுபதுக்கு மேற்பட்டனவும், ஐயமற்ற ஈயநோயாளர் 578 பேரும் கண்டறியப்பட்டனர். இவ்வெண்ணிக்கையினும் முக்கியமானது, நஞ்சு உடலிற் புகும் வழியைப் பற்றி அவர் நிலைநாட்டிய உண்மை. தொழிலாளர் கைகழுவாது உண்பதே நோய்க்குக் காரணம் என முதலாளிமாரும் மேற்பார்வையாளரும் சொல்லிவந்தனர். இவ்விளக்கம் பழி முழுவதையும் நோயாளியின்மீதே சுமத்தியது. அலிஸ் கண்டதோ ஆலையெங்கும் பறந்த தூசியும் ஆவியும். கைகழுவியவனும் மூச்சு விடாதிருக்க முடியாதன்றோ! தூசியை அடக்குதல் முதலாளியின் கடன் என்பது இதிலிருந்து தானே பெறப்பட்டது.

நாஷனல் லெட் கம்பனியின் துணைத்தலைவராயிருந்த எட்வேட் கோர்னிஷ் என்பாரிடம் அவர் இதனை நேரிற் கூறினார். தம் ஆலையில் நஞ்சுண்டோர் உளர் என்பதைக் கோர்னிஷ் சினத்தோடு மறுத்தார். மெய்யாயின் சான்று காட்டுக என்றார். அலிஸ் சென்று, வைத்தியசாலையிற் கிடக்கும் அளவுக்கு நோயுற்ற 22 பேரின் விபரங்களோடு மீண்டார். கோர்னிஷ் சொன்ன சொல் தவறாதவர். தூசியை அடக்கும் ஏற்பாடுகளைச் செய்து, தொழிலாளரைப் பரிசோதிக்க வைத்தியரையும் நியமித்தார். கோர்னிஷைப் போன்றோர் அக்காலத்து முதலாளிகளுட் பலரில்லை என்பதையும் இங்குச் சொல்லியாதல் வேண்டும். இலினோய் மாநிலத்தில் 1911இல் இயற்றப்பட்ட சட்டம், நச்சுப்பொருள்களோடு வேலை செய்வோரை மாதந்தோறும் வைத்தியர் பரிசோதிக்கவேண்டும் என விதித்தது.

பயிற்சிக் காலம் இவ்வளவில் முடிந்தது எனலாம். மத்திய அரசாங்கத்தின் தொழிற்பகுதி அவரை நாடு முழுவதற்குமான விசேட ஆய்வாளராக்கிற்று. சம்பளம் இல்லை; எழுதி முடித்த அறிக்கைக்கே பணம். எந்த ஆலைக்குள்ளும் நுழைய அவருக்குச் சட்டப்படி உரிமையும் இல்லை. கேட்டு, இணங்கச் செய்தே நுழைதல் வேண்டும். முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகள் இருக்குமிடம் இரகசியமாகையால், வானத்தில் எழும் செம்மஞ்சட் புகையைக் குறியாகக்கொண்டு அவற்றைத் தேடிச் சென்றார். பிக்றிக் அமிலம் படிந்து மஞ்சள் நிறமேறிய தொழிலாளரைத் தெருவிற் கண்டு உசாவியும் வழி அறிந்தார்.

1919இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி பெற்ற முதற் பெண் அவரே. ஆசிரியர் கழகத்தினுள் நுழைதலாகாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடத்தலாகாது, உதைபந்தாட்ட அனுமதிச் சீட்டுக் கேட்டலாகாது என மூன்று நிபந்தனைகள் அவருக்கு விதிக்கப்பட்டன. 1935இல் ஓய்வுபெற்றபோதும் அவர் உதவிப் பேராசிரியராகவே இருந்தார். 1970ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆந் திகதி, தமது நூற்றோராவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 29ஆந் திகதி, வேலைத்தலங்களினுள் நுழைந்து பரிசோதிக்கும் அதிகாரத்தை அரசாங்க உத்தியோகத்தருக்கு வழங்கும் தொழிற் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவிற் கையொப்பமாயிற்று.